போருக்குப் பின் ஆதரவிழந்த பிள்ளைகள்: கொல்லி, மலையமான் நாடு, பறம்பு குறித்த சங்கப் பாடல்கள் காட்டும் நிலை

ஆய்வுச்சுருக்கம்

சங்கப் பாடல்களுள் போரைப் பாடியவை மிகுதி. போர் ஓய்ந்தபின் தோற்றவர் குடும்பத்திற்கு நேர்ந்ததைப் பாடியவை சிலவே. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, அவனைக் கொன்ற காரியின் மலையமான் குடி, பறம்பின் தலைவன் வேள் பாரி ஆகியோரின் பிள்ளைகள் குறித்த செய்திகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. அக்காலத்தில் இப்பிள்ளைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு, அவர்களுக்காகப் பரிந்து பேச ஒருவர் இருந்தமையைப் பொறுத்தே அமைந்தது என்பதும், இக்காலச் சட்டங்கள் அந்நிலையை எவ்வாறு மாற்ற முயல்கின்றன என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, வல்வில் ஓரி, மலையமான் மக்கள், பாரி மகளிர், கபிலர், கோவூர் கிழார், அடைக்கலம், சிறார் பாதுகாப்பு

1. முன்னுரை

புறத்திணை ஆய்வுகள் பெரும்பாலும் வீரம், கொடை, கையறுநிலை ஆகியவற்றை முதன்மைப்படுத்துகின்றன. தலைவன் வீழ்ந்த மறுநாள் அவன் பிள்ளைகள் எங்குச் சென்றனர், யார் உணவளித்தனர், யார் உயிர் காத்தனர் என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை இவ்வினாவிற்குப் பொருத்தமான தொடக்கமாகும். அம்மலைக்காக நிகழ்ந்த போரில் தொடர்புடைய குடிகளுள் ஒன்றைப் பற்றி அடைக்கலச் செய்தியும், அதே குடியைப் பற்றிக் கொலைத் தண்டனைச் செய்தியும், மற்றொரு குடியைப் பற்றி முழு மௌனமும் நமக்குக் கிடைக்கின்றன.

இவ்வாய்வில் ஒரு வரையறை தேவை. புறநானூற்றுப் பாடல்களின் சூழலைப் பெரும்பாலும் கொளுக்களே தருகின்றன. அவை தொகுத்தோர் மரபைச் சார்ந்தவை. ஆதலின் பாடல் கூறுவதும் கொளு கூறுவதும் இங்குப் பிரித்தே காட்டப்படுகின்றன.

2. கொல்லி: பாடப்பெறாத குடும்பம்

ஓரியைக் கொன்ற காரி, பலா மரங்கள் நிறைந்த கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்த செய்தியைக் கல்லாடனார் கூறுகிறார் (அகம். 209). ஓரியைக் கொன்றபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் உவமையாக எடுத்தாள்கிறார் (நற். 320). பின்னர்க் கொல்லிக் கூற்றத்தில் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானையும் இருபெரு வேந்தரையும் வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறுகிறது. எனவே, கொல்லி மீண்டும் மீண்டும் போர் கண்ட நிலம்.

ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனது கொடையை வன்பரணர் பாடியுள்ளார் (புறம். 152, 153). இருப்பினும், மேற்குறித்த பாடல்களில் ஓரியின் மனைவி மக்கள் பற்றிய செய்தி இல்லை. காரி புகுந்த தெருவில் வாழ்ந்தோர் பற்றியும் ஆரவாரம் என்ற ஒன்றைத் தவிர வேறு குறிப்பு இல்லை. மலை கைமாறியது பதிவாகியிருக்கிறது. மலையில் எஞ்சியோர் நிலை பதிவாகவில்லை. பாடல்கள் பல அழிந்திருக்கக்கூடும் என்பதால், யாருமே அவர்களைப் பாடவில்லை என்று முடிவு செய்ய இயலாது. எனினும், கிடைத்துள்ள தொகுப்பில் அவர்களுக்குக் குரல் இல்லை என்பது உறுதி. இன்று செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உள்ளது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. தலைவனின் நினைவு இவ்வாறு நிலைபெற்றிருக்க, அவன் குடும்பத்தின் சுவடு இலக்கியத்திலேயே மறைந்துவிட்டது.

3. மலையமான் மக்கள்: மன்றத்தில் ஒரு குரல்

கொல்லியை வென்ற குடியின் பிள்ளைகளுக்கும் தீங்கு நேர்ந்தது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்கு இடமுற்பட்டபோது, கோவூர் கிழார் பாடி அவர்களைக் காத்தார் என்பது புறம் 46ஆம் பாடலின் கொளு. அவர்களின் தந்தை எந்த மலையமான் என்பதைக் கொளு பெயர் சுட்டிக் கூறவில்லை. ஆதலின், அவன் காரியே என்று துணிதல் பொருந்தாது. குடி ஒன்று என்பதே நாம் கூறத்தக்கது.

பாடலின் வாதம் மூன்று படிகளில் அமைகிறது. முதலாவதாக, புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்று சோழனின் குலக்கடமையைப் புலவர் நினைவூட்டுகிறார். இரண்டாவதாக, இச்சிறுவர்கள் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்தளித்தோர் மரபினர் என்கிறார். மூன்றாவதாக, அவர்களின் இளமையைக் காட்டுகிறார்: யானையைக் கண்டு அழுகையை மறந்த அவர்கள், புதிய மன்றத்தைக் கண்டு மருள்கின்றனர். தம்மைக் கொல்ல நிற்கும் விலங்கை வேடிக்கை பார்க்கும் வயதே அவர்களுக்கு. இறுதியில் புலவர் ஆணையிடவில்லை. கேட்டபின் விரும்பியதைச் செய்க என்று முடிவை அரசனிடமே விடுகிறார்.

இவற்றுள் இரண்டாம் படி சிந்திக்கத்தக்கது. பிள்ளைகள் உயிர்பெறத் தக்கவர் என்பதற்கு அவர்களின் முன்னோர் ஈகையும் ஒரு காரணமாகிறது. தந்தையின் பகைமைக்காகத் தண்டிக்கப்பட இருந்தவர்கள், தந்தையரின் கொடைக்காகவும் காக்கப்படுகின்றனர். அவ்வாறாயின், புலவரைப் புரக்க வழியற்ற ஒரு படைவீரனின் மகனுக்கு இவ்வாதம் உதவாது. மூன்றாம் படியே எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் வாதம். குழந்தைமை என்னும் நிலையே இரக்கத்திற்குப் போதுமானது என்பதைக் கோவூர் கிழார் அங்குத் தொட்டுக் காட்டுகிறார்.

4. பாரி மகளிர்: புகலிடம் தேடிய நெடுவழி

உயிர் காத்தலோடு ஆதரவு முடிவதில்லை என்பதைப் பாரி மகளிர் வரலாறு காட்டுகிறது. மூவேந்தர் முற்றுகைக்கு உள்ளான பாரி மாண்டபின், ஒரு திங்கள் இடைவெளியில் தந்தையையும் குன்றையும் இழந்த நிலையை அம்மகளிர் பாடியதாக அமைந்தது புறம் 112. தந்தையின் இழப்பும் வாழிடத்தின் இழப்பும் அங்கு ஒன்றாகவே உணரப்படுகின்றன. முன்பு படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணிய அவர்கள், இப்போது குப்பைமேடேறி உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுவதைக் கபிலர் காண்கிறார் (புறம். 116). பிள்ளைகளின் பழைய விளையாட்டு தொடர்கிறது; அவர்களைச் சூழ்ந்த உலகம் மாறிவிட்டது.

கபிலர் அவர்களை விச்சிக்கோனிடமும் (புறம். 200) பின்னர் இருங்கோவேளிடமும் (புறம். 201) அழைத்துச் சென்றார். தாம் அவர்களின் தந்தைக்குத் தோழர், ஆதலின் அவர்கள் தம் மகளிர் என்று இருங்கோவேளிடம் உரிமை கூறுகிறார். குருதியுறவு இல்லாத ஒருவர், நட்பின் வழியே பெற்றோர் பொறுப்பை ஏற்பதாக அவையில் அறிவிக்கும் இடம் இது. இருங்கோவேள் ஏற்கவில்லை (புறம். 202). மறுப்பின் காரணத்தைப் பாடல் கூறவில்லை; மூவேந்தரின் பகைக்கு அஞ்சியிருக்கலாம் என்பது ஊகமே.

முடிவைப் பற்றி இருவேறு மரபுகள் உள்ளன. மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது புறம் 236ஆம் பாடலின் கொளு. பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு அளித்துக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது, திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு. பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட இக்கல்வெட்டை நேரடிச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும், அப்பெண்ணை அடைக்கலமாகவே மக்கள் நினைவு பாதுகாத்தது என்பதற்கு அது சான்றாகும். கொல்லியில் ஓரியின் குடியை அழித்த மலையமான் மரபே, இம்மரபுச் செய்தியில் பாரி மகளுக்குப் புகலிடமாகிறது. அதே மரபின் சிறுவர்கள் வேறொரு நாளில் யானையின்முன் நின்றனர். வென்றோர், தோற்றோர், காத்தோர் என்பன நிலையான பிரிவுகளாக இருக்கவில்லை.

5. இக்காலச் சட்டங்களின் நோக்கில்

கோவூர் கிழாரும் கபிலரும் தனிமனிதராகச் செய்ததை இக்காலச் சட்டங்கள் பொதுக்கடமையாக்க முயல்கின்றன. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 24ஆம் உறுப்பு, போரால் பெற்றோரை இழந்த அல்லது குடும்பத்தைப் பிரிந்த பதினைந்து வயதிற்குட்பட்ட சிறாரைக் கைவிடலாகாது என்கிறது. அவர்களின் கல்வி இயன்றவரை ஒத்த பண்பாட்டு மரபினரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. தந்தையின் தோழர் பொறுப்பேற்ற கபிலர் செயலோடு இது ஒப்புநோக்கத்தக்கது.

ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இலங்கை 1991இலும் இந்தியா 1992இலும் ஏற்றன. பெற்றோரின் நிலை, செயல், கருத்து ஆகியவற்றுக்காகக் குழந்தை தண்டிக்கப்படலாகாது என்னும் அதன் 2ஆம் உறுப்பு, மலையமான் மக்களுக்கு நேரவிருந்ததையே தடுக்கிறது. குடும்பச் சூழலை இழந்த குழந்தைக்கு மாற்றுப் பராமரிப்பை 20ஆம் உறுப்பும், போரால் பாதிக்கப்பட்ட குழந்தையின் உடல், உள்ள மீட்பை 39ஆம் உறுப்பும் வலியுறுத்துகின்றன. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், ஆயுத மோதலால் பாதிக்கப்பட்ட குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாக வரையறுக்கிறது. இல்லங்களில் சேர்ப்பதை இறுதி வழியாகவே கொள்கிறது.

சட்டம் மட்டும் போதாது என்பதையும் தமிழர் அண்மை வரலாறு உணர்த்துகிறது. இலங்கையில் 2009 மே மாதத்தில் முடிவுற்ற நெடும்போர், தந்தையை இழந்த பிள்ளைகளையும் தனித்துக் குடும்பம் காக்கும் தாய்மாரையும் விட்டுச்சென்றது. 1983 முதல் தமிழகம் வந்தோருக்கான முகாம்கள் 2021இல் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. ஒரு குழந்தைக்கு உணவு, கல்வி, உறவினரோடு வாழும் வாய்ப்பு, இழந்த வாழிடத்திற்கு ஈடான நிலைத்த இடம் ஆகியவை சேர்ந்து கிடைக்கும்போதே மறுவாழ்வு என்னும் சொல் பொருள் பெறும்.

6. முடிவுரை

மலையமான் மக்களுக்குக் கோவூர் கிழார் கிடைத்தார். அவர்கள் உயிர் பிழைத்தனர். பாரி மகளிருக்குக் கபிலர் கிடைத்தார். இரு அரசர்களிடம் அலைந்தபின் ஒரு புகலிடம் அமைந்தது. ஓரியின் குடும்பத்திற்காகப் பேசியவர் எவரையும் கிடைத்துள்ள பாடல்களில் காண இயலவில்லை. இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போது, புலவரின் அருளுள்ளத்தின் பெருமையோடு அதனை மட்டுமே நம்பியிருந்த அமைப்பின் குறையும் புலனாகிறது. போருக்குப் பிந்தைய ஆதரவுத் திட்டம் எதையும் மதிப்பிடுவதற்கு இதிலிருந்து ஓர் அளவுகோல் பெறலாம்: பரிந்து பேச ஒருவரும் இல்லாத பிள்ளையை அது சென்றடைகிறதா என்பதே அது. தோற்ற குடிகளின் மனைவி மக்கள் பற்றிய குறிப்புகளைச் சங்க இலக்கியம் முழுவதிலும் திரட்டி, நடுகற்கள், கல்வெட்டுகள் ஆகியவற்றோடு ஒப்பிடும் ஆய்வு இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்கது.