ஒலிவாங்கிக்கு முன்னால் ஓர் உயிரியல் பாடம்

ஒலிபரப்புத் துறையைத் தேர்ந்தெடுத்த ஒருவரின் வகுப்பு அட்டவணையில் "அறிமுக உயிரியல், ஆய்வுக்கூடத்துடன்" என்று ஒரு பாடம் இருந்தால் வீட்டில் கேள்வி வரத்தான் செய்யும். "ரேடியோவுல பேசப் போற பிள்ளைக்கு வெங்காயத் தோலு எதுக்கும்மா?" என்று என் மாமா கேட்டார். பாடத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருப்பதால் கேள்வியில் நியாயமும் இருந்தது.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள தனியார் கல்லூரிகள் சிலவற்றில் அமெரிக்கப் பட்டப்படிப்புத் திட்டம் நடக்கிறது. முதல் சில தவணைகளை இங்கே படித்துவிட்டு, சேர்த்த புள்ளிகளுடன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறிக்கொள்ளலாம். பட்டம் பெற ஏறத்தாழ 120 புள்ளிகள் வேண்டும். அவை எல்லாமே நாம் தேர்ந்தெடுத்த துறையிலிருந்து வருவதில்லை. எழுத்து, கணிதம், சமூகவியல், இலக்கியம் என்று எல்லாரும் படிக்க வேண்டிய பொதுப்பாடங்கள் ஒரு பெரும்பகுதி. அதில் ஆய்வுக்கூடத்தோடு கூடிய ஓர் அறிவியல் பாடமும் பொதுவாகக் கட்டாயம். பௌதிகத்துக்குப் பயந்தவர்கள் உயிரியல் பக்கம் ஒதுங்குவார்கள். அப்படித்தான் செவ்வாய்க்கிழமை காலையில் உயிரியலும் அதே நாள் பிற்பகலில் வானொலி ஒலிபரப்பும் எனக்கு அமைந்தன.

உயிரியலின் முதல் வாரங்களில் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். வெங்காயத் தோலில் அயோடின் துளி விட்டு நுண்நோக்காடியில் பார்ப்பது, வாழைப்பழத்தை உப்பும் பாத்திரச் சோப்பும் சேர்த்துப் பிசைந்து, குளிர்ந்த சாராயம் ஊற்றி, வெண்ணிற நூல்போல் மிதக்கும் டி.என்.ஏ.வைக் குச்சியில் சுற்றி எடுப்பது. சுவையான வேலைகள்தாம். ஆனால் மூச்சு மண்டலம் பற்றிய அத்தியாயம் வந்தபோதுதான் காலை வகுப்பும் பிற்பகல் வகுப்பும் ஒன்றையொன்று தொட்டன.

குரல்வளை பேசுவதற்காக உருவான உறுப்பு இல்லையாம். உணவும் நீரும் மூச்சுக்குழலுக்குள் விழாமல் தடுக்கும் காவல்தான் அதன் முதல் வேலை. நாம் விழுங்கும்போது குரல்வளை மூடி கவிழ்ந்துகொள்கிறது, உள்ளே இருக்கும் குரல் நாண்களும் இறுக மூடிக்கொள்கின்றன. அந்த இரண்டு சிறு தசை மடிப்புகளைத்தான் நாம் பேச்சுக்கும் பயன்படுத்திக்கொள்கிறோம். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிர வைக்கிறது. சராசரிப் பெண் குரலில் அது நொடிக்கு ஏறத்தாழ 200 முறை. ஆண் குரலில் அதில் ஏறக்குறையப் பாதி.

இதைக் கேட்ட அன்று பிற்பகல் வானொலி விரிவுரையாளர் வழக்கம்போல், "ஒலிப்பதிவுக்குச் சற்று முன்னால் தண்ணீர் குடித்தால் போதாது, காலையிலிருந்தே குடித்து வாருங்கள்" என்றார். காரணம் அவர் சொல்லவில்லை, காலை வகுப்பில் கிடைத்துவிட்டது. குடிக்கும் நீர் போவது உணவுக்குழலுக்கு. குரல் நாண்களைத் தொட்டால் நமக்குப் புரையேறிவிடும்! உடலில் சேர்ந்து இரத்தத்தின் வழியாக வந்த பிறகுதான் அந்த நீர் நாண்களுக்கு உதவும். வாயும் தொண்டையும் காய்ந்திருந்தால் ஒரு மடக்கு நீர் இதமாக இருக்கும், அவ்வளவுதான். அறிவிப்பாளராக விரும்பும் எவருக்கும் இந்த ஒரு செய்தி பயன்படும் என்று நினைக்கிறேன். தொண்டை கட்டினால் கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வு ஆகாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் மிளகும் கற்கண்டும் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவர் ஏன் என்பதற்கும் அதே வகுப்பில் பதில் இருந்தது. குரல் நாண்களை இயக்கும் நரம்புகளில் இடப்பக்க நரம்பு மூளையிலிருந்து நேராகத் தொண்டைக்கு வராது. மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது. ஆகவே மார்பில் ஏற்படும் கோளாறுகூடக் குரலில் தெரியலாம். ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே ஏற்பாடுதான். கழுத்து நீண்டதால் அதன் நரம்பு பல மீட்டர் வீணாகச் சுற்றுகிறது. மீன் போன்ற மூதாதையரிடமிருந்து வந்த உடலமைப்பு என்பதால் இப்படி என்று பரிணாமப் பாடத்தில் விளக்கினார்கள். மாமாவிடம் இதைச் சொன்னேன். ஒட்டகச்சிவிங்கி மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இங்கே வேறொன்றும் நினைவுக்கு வரும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துகள் எப்படிப் பிறக்கின்றன என்று விளக்குகிறது. கொப்பூழ்ப் பகுதியிலிருந்து காற்று எழுகிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டு இடங்கள் சேர்ந்து அதை எழுத்தொலியாக்குகின்றன என்பது அதன் கருத்து. இடைநிலைப்பள்ளியில் இதை மனப்பாடம் செய்தவர்கள் தேர்வோடு விட்டிருப்பார்கள். உதரவிதானம் இறங்கி வயிறு முன்தள்ளும் படத்தை உயிரியல் நூலில் பார்த்த பிறகு படித்தால், "கொப்பூழிலிருந்து காற்று" என்பது மூச்சுப் பயிற்சியாகவே தோன்றும். வானொலி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: தோளை உயர்த்தாதே, வயிற்றால் மூச்செடு.

ழகரத்துக்கும் அதே பகுதியில் குறிப்பு உண்டு. நாக்கின் நுனி மேலெழுந்து அண்ணத்தை வருட வேண்டும். ளகரத்துக்கும் வருடல்தான், ஆனால் அங்கே நாக்கின் விளிம்பு தடிக்க வேண்டும். லகரத்துக்கு அதே விளிம்பு மேல்பல்லின் அடியில் ஒற்ற வேண்டும். "வாழைப்பழம்" சொல்லிப் பழகு என்று நம்மைப் படுத்துகிறவர்கள், நாக்கின் எந்தப் பகுதி எங்கே போக வேண்டும் என்று சொல்வதில்லை. என் வகுப்பில் தமிழ் பேசுவோர் மூவர். மூவரும் கைப்பேசிக் கேமராவை வாய்க்கு முன் வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுக்க ழகரம் பழகியது வெளியாள் யாருக்கும் தெரிய வேண்டாம்.

குரலைப் போலவே காதும் இரண்டு வகுப்புகளிலும் வந்தது. உட்செவியில் நத்தை ஓடு போன்ற குழலுக்குள் நுண்மயிர் கொண்ட உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அதிரும் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவையே. பறவைகளுக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. ஒலிப்பதிவுக்கூடத்தில் ஹெட்ஃபோன் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பெருமைப்படும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நேயர் தொலைபேசியில் அழைக்கும்போது குரல் ஏன் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது? இளங்காது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுவரை கேட்கும். பண்பலை வானொலி 15,000 வரை கடத்தும். பழைய தொலைபேசி இணைப்போ ஏறத்தாழ 300 முதல் 3,400 வரைதான். பேச்சு புரியும், ஆனால் "ஸ"வா "ஃப"வா என்று தடுமாறுவோம். அதனால்தான் நேயரின் பெயரை அறிவிப்பாளர் மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிசெய்கிறார்.

தவணை இறுதியில் வானொலிப் பாடத்துக்கு ஓர் இடுபணி: நான்கு நிமிடத் தகவல் அங்கம், எந்த மொழியிலும் செய்யலாம், ஆங்கில எழுத்துப்படியை இணைக்க வேண்டும். நான் இனிப்புநீரைத் தேர்ந்தெடுத்தேன், தமிழில். காரணம் சொல்லத் தேவையில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். நம் வீடுகளில் யாருக்கு இருக்கிறது என்பதைவிட யாருக்கு இல்லை என்று எண்ணுவது எளிது.

பேராக்கில் இருக்கும் என் பாட்டிக்கும் உண்டு. அதிகாலையில் எழுந்ததும் வானொலியைத் திறப்பவர். மின்னல் பண்பலையை இன்னும் "வானொலி ஆறு" என்றுதான் சொல்வார். செய்தித்தாள் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. அரசாங்க கிளினிக்கில் மருத்துவர் மலாயில் சொல்வதில் பாதிதான் பிடிபடும். மீதி அறிவெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும். "சர்க்கரை இறங்கிடுச்சு, இனி மாத்திரை வேணாம்" என்று நிறுத்திவிட்ட ஒருவரை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விளம்பரங்கள் பற்றி வானொலி வகுப்பில் ஒரு நாள் முழுக்கப் பேசினோம். 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின் பட்டியலில் 20 நோய்கள் இருக்கின்றன. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய், புற்றுநோய் எல்லாம் அதில் அடக்கம். இவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு ஒரு பொருளை விளம்பரப்படுத்தக் கூடாது. மருந்து விளம்பரத்துக்கு அனுமதி கிடைத்தால் கே.கே.எல்.ஐ.யூ. என்று தொடங்கும் எண் இருக்கும். புலனத்தில் சுற்றும் பொடி விளம்பரங்களில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

எழுத உட்கார்ந்தபோது இரண்டு சிக்கல்கள். ஒன்று நேரம். ஆங்கில வானொலிக்கு நொடிக்கு மூன்று சொல் என்று கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தமிழுக்கு அது பொருந்தாது. "சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது நமக்கு ஒரே சொல்! நான் கடிகாரம் வைத்து வாசித்துப் பார்த்ததில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொற்களுக்கு மேல் ஓடவில்லை. ஆக, நான்கு நிமிடம் என்றால் 360 சொல்.

மற்றது சொற்கள். ஆரம்பப்பள்ளியில் உயிர்வளி, கரிவளி, ஒளிச்சேர்க்கை என்று சரளமாகச் சொன்ன நமக்குப் படிவம் 1-க்குப் பிறகு அறிவியல் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. பன்னிரண்டு வயதோடு நம் தமிழ் அறிவியல் வளர்ச்சி நின்றுவிடுகிறது. கணையம் என்ற சொல்லை நான் அறிவேன், பாட்டியும் ஒருவேளை கேட்டிருப்பார். ஆனால் "இன்சுலின் எதிர்ப்பு" என்று மொழிபெயர்த்து வாசித்தால் அவருக்கு அது ஏதோ அரசியல் செய்திபோல் கேட்கும். வானொலியில் படம் காட்டவும் முடியாது.

பாடநூல்கள் பூட்டும் சாவியும் என்று சொல்கின்றன. எனக்கு அது போதவில்லை. தசையின் உயிரணுக்களில் சர்க்கரை நுழையும் வாயில்களில் பெரும்பாலானவை சாதாரண வேளையில் வெளிச்சுவரிலேயே இருப்பதில்லை. உள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இன்சுலின் வந்து தொட்டதும் அவை சுவருக்கு நகர்ந்து வந்து பொருந்துகின்றன. ஆகவே நான் அழைப்பு மணி என்று எழுதினேன். கணையம் மணியடிக்கிறது, வீட்டார் எழுந்து வந்து கதவைத் திறக்கிறார்கள், தெருவில் நிற்கும் சர்க்கரை உள்ளே போகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் மணி அடிக்கிறது, வீட்டாருக்குக் காது மந்தம். கணையம் மேலும் மேலும் அடித்துக் களைத்துப்போகிறது. மாத்திரை சிலருக்கு வீட்டாரின் காதைத் தீட்டுகிறது, சிலருக்குக் கல்லீரல் தெருவுக்கு அனுப்பும் சர்க்கரையைக் குறைக்கிறது. கிளினிக்கில் எண் இறங்கியிருக்கிறது என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தினால் தெருவில் மறுபடி நெரிசல்தான்.

ஒலிப்பதிவுக்கு முதல் நாள் இரவு தொலைபேசியில் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "அந்த மணி கதை நல்லாருக்கு" என்றார். பிறகு, "சரி, நான் ஒரு நாளுகூட மாத்திரையை விட்டதில்லையே, அப்புறம் ஏன் காலு மரத்துப் போவுது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எழுத்துப்படியில் இடமில்லாமல் இருந்தது. மறுநாள் காலை உயிரியல் விரிவுரையாளரிடம் போனேன். தெருவில் பல ஆண்டுகள் நெரிசல் இருந்தால் ஓரத்துக் குழாய்களும் கம்பிகளும் பழுதாகும், அதாவது நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும்; நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போவதால் மரத்துப்போவது அங்கேதான் முதலில் தெரியும்; அதனால் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், வலிக்காத புண்தான் ஆபத்து என்றார். தொடக்க இசையைக் குறைத்து, முகமனையும் வெட்டி, 50 சொற்களுக்கு இடம் கண்டுபிடித்தேன்.

அங்கம் 4 நிமிடம் 6 நொடி வந்தது. ஆறு நொடிக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள். பாட்டி அதைத் தம் தோழிகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். இப்போது சிறுநீரகத்தைப் பற்றி ஒன்று வேண்டுமாம், ஒருவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு தொடங்கப் போகிறதாம். அடுத்த தவணையில் மனித உடலியல் பாடம் இருக்கிறது. எனக்கு அது கட்டாயமில்லை, ஆனால் அறிமுக உயிரியல் முடித்திருந்தால் சேரலாம். பதிவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.