பன்றிகள் பெருகின, பண்ணைக் குடும்பங்கள் குறைந்தன

அமெரிக்க அதிபர் பதவிக்கு ஆசைப்படுகிறவர்கள் ஆகஸ்ட் மாதத்தில் அயோவா மாநிலப் பொருட்காட்சிக்குப் போவார்கள். அங்கே பன்றி வளர்ப்போர் சங்கத்தின் கூடாரத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் நின்று, பன்றிக்கறித் துண்டுகளைப் புரட்டிப் போடுவார்கள். அந்த மாநிலத்தில் மனிதர்கள் சுமார் 32 லட்சம் பேர். பன்றிகள் 2 கோடிக்கும் அதிகம். அமெரிக்கா முழுவதிலும் உள்ள பன்றிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே மாநிலத்தில் இருக்கிறது. அயோவாக்காரர்கள் தங்களைப் பன்றியும் மக்காச்சோளமும் விளையும் மண்ணின் மக்கள் என்று சொல்லிக்கொள்வதில் பொய் எதுவும் இல்லை, அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். ஆனால் அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் ஒரு கூட்டம், இன்று அதன் நிழலில் பாதுகாப்பாக நிற்பது வேறொரு தொழில் என்பதுதான் இந்தக் காணொளியில் நான் வைக்கும் வாதம்.

முதலில் மண். திரையில் தெரியும் வரைபடத்தில் பச்சையாக இருப்பதெல்லாம் விவசாய நிலம். சுமார் 3 கோடி ஏக்கர், மாநிலத்தின் பரப்பில் ஆறில் ஐந்து பங்கு. அதில் மக்காச்சோளம் மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் ஏக்கர், சோயா இன்னொரு கோடி. இருநூறு வருடங்களுக்கு முன்னால் இங்கே இவை எதுவும் இல்லை. ஆள் உயரப் புல்வெளி மாநிலத்தின் முக்கால் பங்குக்கு மேல் விரிந்திருந்தது. அந்தப் புல்லின் வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கி மக்கித்தான் உலகத்திலேயே மிகச் செழிப்பான கரிய மண்களில் ஒன்று உருவானது. குடியேறியவர்கள் புல்வெளியை உழுதார்கள். வடக்கிலும் நடுவிலும் சதுப்பாகக் கிடந்த நிலத்துக்கு அடியில், சுமார் நான்கு அடி ஆழத்தில், சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்துத் தண்ணீரை ஓடைகளுக்கு வடித்தார்கள். இன்று அந்த இடத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள். பழைய புல்வெளியில் மிஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. புதைந்த குழாய்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரைப் பற்றிப் பேசும்போது அவை திரும்ப வரும்.

இந்த மண்ணில் பன்றி ஏன் வேரூன்றியது என்பதற்குக் காரணம் எளிது. விளைந்த சோளத்தை வண்டியேற்றி விற்பதைவிட, பன்றிக்குப் போட்டு அந்தப் பன்றியை நடத்திக் கொண்டுபோய் விற்பது லாபம். கடனை அடைக்கும் பிராணி என்றே விவசாயிகள் அதைச் சொன்னார்கள். 1980 வாக்கில் அயோவாவில் சுமார் 65,000 பண்ணைகளில் பன்றி இருந்தது. 2017 வேளாண் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 6,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. அதே காலத்தில் பன்றிகளோ கூடியிருக்கின்றன! எண்பதுகளின் கடன் நெருக்கடி பல குடும்பங்களை வெளியேற்றியது. 1998 டிசம்பரில் விலை பவுண்டுக்கு 10 சென்ட்டுக்கும் கீழே சரிந்தபோது மிச்சமிருந்தவர்களில் நிறையப் பேர் கைவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்பியது ஒப்பந்த முறை. பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். குட்டியும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகை, அதற்கு வாங்கிய கடன், உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை, அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. ஒரே கூரையின் கீழ் 2,400 பன்றிகள், தரைக்கு அடியில் ஆழமான கழிவுக் குழி. வழியில் போகிறவர் கண்ணுக்கு ஒரு பன்றிகூடத் தெரியாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பெருமை பாதுகாப்பாக மாறுகிற இடம் இதுதான். 1995-இல் அயோவா சட்டமன்றம் கால்நடைப் பண்ணைகளுக்கு எதிராக அக்கம்பக்கத்தார் நாற்றம், தொல்லை என்று வழக்குப் போடுவதைப் பெருமளவு தடுத்தது. 2004-இல் மாநில உச்ச நீதிமன்றம், தன் வீட்டில் நிம்மதியாக இருக்கும் அண்டை வீட்டாரின் உரிமையை இப்படிப் பறிக்க முடியாது என்று சொல்லி அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தியது. 2022-இல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. பெரிய கொட்டகைக்கு அனுமதி கேட்கும்போது உள்ளூர் நிர்வாகம் ஒரு மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும், 880-க்கு 440 வாங்கினால் தேர்ச்சி. உள்ளூர் நிர்வாகம் வேண்டாம் என்று பரிந்துரைக்கலாம், முடிவெடுப்பது மாநில அரசு. பக்கத்து வயலில் காலங்காலமாகப் பயிர் வைத்தவரும், ஓய்வுபெற்று ஊரிலேயே இருப்பவரும் அயோவாக்காரர்கள்தானே? விவசாயம் எங்கள் அடையாளம் என்ற வாசகம் அவர்களுடைய வாயை அடைக்கப் பயன்படும்போது, அந்த வாசகத்தின் பொருளே திரிந்துவிடுகிறது.

தண்ணீரில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பன்றிக் கழிவும் ரசாயன உரமும் மண்ணில் நைட்ரேட்டாக மாறுகின்றன. நைட்ரேட் மண்ணோடு ஒட்டாது, தண்ணீரோடு போய்விடும். சோளமும் சோயாவும் அறுவடையானபின் இலையுதிர் காலம் முதல் அடுத்த வசந்தம் வரை நிலம் வெறுமையாகக் கிடக்கும், நைட்ரேட்டைப் பிடித்துவைக்க வேர் இருக்காது. மழை பெய்ததும் அது புதைந்த குழாய்கள் வழியாக ஓடைக்கும் ஆற்றுக்கும் வந்து சேர்கிறது. தலைநகர் டி மோய்ன் குடிப்பது அந்த ஆற்று நீரைத்தான். குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜன் என்பது சட்ட வரம்பு. அதைத் தாண்டாமல் இருக்க, நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கும் பெரிய நிலையத்தை அந்நகரக் குடிநீர் வாரியம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே கட்டியது. 2015-இல் மேல்நதிப் பகுதியின் மூன்று மாவட்டங்களில் உள்ள வடிகால் அமைப்புகள் மீது வாரியம் வழக்குத் தொடுத்தது. 2017-இல் வழக்கு தள்ளுபடியானது. 2025 கோடையில் நைட்ரேட் ஏறியபோது, சுமார் ஆறு லட்சம் பேருக்கு வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் விடத் தடை போட்டார்கள். சுத்திகரிப்பு ஈடுகொடுக்கவில்லை.

இதற்கு வரும் மறுப்புகளை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நைட்ரேட்டுக்குப் பன்றியை மட்டும் குறை சொல்லலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, சரிதான். பன்றியே இல்லாவிட்டாலும் சோளமும் வடிகால் குழாயும் போதும், நைட்ரேட் ஓடும். பன்றி எருவை அளவோடு மண்ணுக்குள் செலுத்தினால் ரசாயன உரம் மிச்சமாகும், மண்ணுக்கும் நல்லது. அளவோடு என்பதில்தான் சிக்கல். எருவைத் தூரத்துக்குக் கொண்டுபோவது செலவு, அதனால் கொட்டகைகள் நெருங்கிய இடங்களில் நிலத்தின் தேவைக்கு மேல் விழ வாய்ப்பு அதிகம். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஏக்கர் 11,000 டாலரைத் தாண்டிய மாநிலத்தில், நிலம் வாங்க வழியில்லாத ஓர் இளைஞர் ஊரிலேயே தங்கி விவசாயம் பார்க்க ஒப்பந்தக் கொட்டகைதான் கதவு திறக்கிறது. இது உண்மை. அவருக்கு அந்தக் கூலியும் எருவும் வாழ்க்கை. என் கோபம் அவர் மீது இல்லை. பன்றி யாருடையதோ, அவர்களே கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் சொன்னால், இளைஞரின் சுமைதான் முதலில் இறங்கும்.

விதிகள் கடுமையானால் தொழிலே ஓடிவிடும் என்பது இன்னொரு பயம். டென்மார்க்கைப் பாருங்கள். அதுவும் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம் உள்ள நாடு, ஏற்றுமதியில் பேர் வாங்கிய நாடு. 1987 முதல் எத்தனை கால்நடைக்கு எவ்வளவு நிலம் வேண்டும், எரு எப்போது எவ்வளவு போடலாம் என்று கட்டாய விதிகளை அடுத்தடுத்துக் கொண்டுவந்தார்கள். நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் நைட்ரஜன் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இன்னும் போதாது என்று அங்கே சண்டை நடக்கிறது, ஆனாலும் பன்றி வளர்ப்பு அழிந்துவிடவில்லை. அயோவா 2013-இல் வகுத்த திட்டம் நைட்ரஜனை 45 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. ஆனால் அதில் கட்டாயம் இல்லை: விவசாயி விரும்பினால் செய்யலாம், விரும்பாவிட்டால் விடலாம். வெற்று நிலத்துக்கு மூடுபயிர் போடுவது, ஓடைக்கரையில் புல் வளர்ப்பது என வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பரவிய வேகம் போதவில்லை.

கிராமத்தின் பிழைப்பு நகரத்தாருக்குப் புரியாது என்றும் சொல்வார்கள். ஆனால் 2010 நவம்பரில் அயோவா மக்கள் தங்கள் அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். தண்ணீரையும் மண்ணையும் காக்க ஒரு நிரந்தர நிதி. மாநில விற்பனை வரி அடுத்த முறை உயரும்போது அந்த உயர்வில் முதலில் ஒரு சென்ட்டில் எட்டில் மூன்று பங்கு அந்த நிதிக்கு. சுமார் 63 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இவ்வளவு பெரிய வெற்றி நகரத்து வாக்கால் மட்டும் வந்துவிடாது. அதன்பிறகு சட்டமன்றம் விற்பனை வரியை உயர்த்தவே இல்லை. நிதி சாசனத்தில் இருக்கிறது, அதில் போட வேண்டிய பணம் பதினைந்து ஆண்டுகளாக வரவில்லை.