பேய்களைப் பரிமாறும் இரவு: ஹாலோவீன் திரைப்பட விருந்துக்கு எளிய சிற்றுண்டிகள்

1960ஆம் ஆண்டிலே அல்பிரட் ஹிட்ச்கொக் என்னும் நெறியாளர் 'சைக்கோ' என்ற திரைப்படத்தை வெளியிட்டார். குளியலறையில் ஒரு பெண் கொலையுண்ணும் காட்சியைக் கண்டு மக்கள் நடுநடுங்கினர். அக்காட்சியில் நீரோடு கலந்து ஓடிய இரத்தம் யாது? சொக்கிலேற் பாணி! படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டதாதலின் செந்நிறம் வேண்டப்படவில்லை. தடிப்பும் கருமையும் உள்ள ஒரு திரவமே போதுமானதாயிற்று. எட்டு ஆண்டுகளின் பின்னர், 1968இல், பிணங்கள் எழுந்து நடமாடும் கதையைக் கொண்டு அமெரிக்காவில் எடுக்கப்பட்ட படமொன்றிலும் இதே உபாயம் கையாளப்பட்டது. உலகை அஞ்சவைத்த இரத்தம் சமையலறை அலுமாரியிலிருந்து வந்ததென்பதை அறிந்த பிள்ளை, அச்சத்தை மறந்து நகைக்கத் தொடங்கிவிடும்.

இவ்வுண்மையையே நாம் இக்கட்டுரைக்கு அடிப்படையாகக் கொள்கின்றோம். அச்சமூட்டும் உருவத்தைத் தன் கையாலேயே செய்து பார்க்கும் பிள்ளைக்கு அவ்வுருவத்தின் மீதுள்ள பயம் பாதி நீங்கிவிடுகின்றது. செய்ததை உண்டும்விட்டால் மற்றப் பாதியும் நீங்குமன்றோ? ஒக்டோபர் 31ஆம் திகதி இரவில் மேல்நாட்டார் கொண்டாடும் ஹாலோவீன் விழாவின் உட்பொருளும் ஏறக்குறைய இதுவேயாகும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் எம்மவர் பிள்ளைகள் பள்ளித் தோழரோடு கூடி இவ்விழாவிற் கலந்துகொள்வதால், பேரப்பிள்ளைகளின் வாயிலாக இதன் பெயரைக் கேட்டறிந்த அம்மம்மாமாரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கும் இக்கட்டுரை பயன்படும் என நம்புகின்றோம்.

விழாவும் உணவும்

நவெம்பர் 1ஆம் திகதி கிறிஸ்தவர்களுக்குச் சகல பரிசுத்தவான்களின் திருநாள். 2ஆம் திகதி இறந்த ஆன்மாக்களை நினைவுகூரும் நாள். திருநாளுக்கு முந்திய மாலை என்னும் பொருள்படவே ஹாலோவீன் என்ற பெயர் உண்டாயிற்று. அதற்கும் முன்னதாக, அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்திய மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இப்பருவத்திலே 'சவுயின்' என்னும் விழாவை நடத்திவந்தனர். பகல் குறுகி இருள் நீளும் காலம். இறந்தோர் உலகத்துக்கும் இருப்போர் உலகத்துக்கும் இடையிலுள்ள திரை மெலிந்துவிடும் காலம் என அவர்தம் வழிவந்தோர் எண்ணினர்.

இத்தகைய இரவை மக்கள் எவ்விதம் எதிர்கொண்டனர்? அடுப்பை மூட்டி, கூடியிருந்து, உண்டு, விளையாடி எதிர்கொண்டனர். அயர்லாந்திலே உருளைக்கிழங்கையும் கோவாவையும் அவித்து மசித்துக் 'கொல்கனன்' என்னும் உணவைச் சமைத்தனர். உலர்ந்த பழங்கள் சேர்ந்த 'பார்ம்பிராக்' என்னும் பாணினுள்ளே ஒரு மோதிரம், ஒரு நாணயம், ஒரு துணித்துண்டு முதலியவற்றை மறைத்து வைத்தனர். தம் துண்டில் மோதிரம் கிடைக்கப்பெற்றவருக்கு விரைவில் மணமாகும். நாணயம் பெற்றவர் செல்வராவார். துணி பெற்றவருக்கு வறுமை என்பது நம்பிக்கை. இங்கிலாந்திலோ ஏழை மக்கள் வீடுதோறும் சென்று, அவ்வீட்டில் இறந்தோருக்காகப் பிரார்த்தனை செய்து, அதற்கு ஈடாகச் சிறு பணியாரங்களைப் பெற்றனர். ஸ்கொட்லாந்துக் கவிஞர் றொபேட் பேர்ன்ஸ் இவ்விரவின் வழக்கங்களைப் பற்றி 1785இல் ஒரு நெடுங்கவிதையே எழுதினார்.

1845ஆம் ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும்பஞ்சம் தோன்றியது. அக்காலத்தில் அமெரிக்காவுக்குச் சென்று குடியேறிய இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் தம் வழக்கங்களையும் உடன் கொண்டு சென்றனர். தாயகத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோர முகம் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வைத்தவர்கள், புதிய நாட்டிலே பருத்த பூசணிக்காயைக் கண்டனர். குடைவதற்கு அது எளிதாயிருந்தது. இன்று உலகெங்கும் ஹாலோவீனின் அடையாளமாக விளங்கும் பூசணி விளக்கு இவ்வாறு பிறந்ததேயாகும்.

வீட்டிலே விருந்து

பிள்ளைகள் பேய்வேடம் பூண்டு, வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றுள்ள வழக்கம். அது மகிழ்ச்சி தருவதே. ஆயினும் இருளில், கறுப்பு உடையில், முகமூடி கண்ணை மறைக்க, வீதியைக் குறுக்கே கடக்கும் பிள்ளையை வாகனமோட்டி காண்பது அரிது. 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டுகளின் அமெரிக்க விபத்துக் கணக்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஹாலோவீன் மாலையில் வீதியில் நடப்போர் வாகனம் மோதி இறக்கும் அபாயம், அதற்கு ஒரு வாரம் முந்திய, பிந்திய மாலைகளைவிட நூற்றுக்கு 43 வீதம் கூடுதலாயிருந்ததெனக் காட்டிற்று. சின்னஞ்சிறு பிள்ளைகளை உடைய பெற்றோர் வீட்டிலேயே திரைப்பட இரவொன்றை ஒழுங்கு செய்வதற்கு இஃது ஒரு தக்க காரணமாகும். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோதும், ஒரே வீட்டிலுள்ளோர் கூடியிருந்து படம் பார்ப்பதை ஆபத்துக் குறைந்த கொண்டாட்டங்களுள் ஒன்றாக அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் எடுத்துக் கூறினர்.

எந்தப் படத்தைக் காட்டுவது? பிள்ளையின் வயதே அதனைத் தீர்மானிக்க வேண்டும். 1929இல் வால்ட் டிஸ்னியார் வெளியிட்ட 'எலும்புக்கூட்டு நடனம்' சில நிமிடங்களே ஓடுவது. எலும்புக்கூடுகள் இசைக்கேற்ப ஆடுவதைக் கண்டு சிறார் சிரிப்பர். 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட சார்லி பிரவுனின் பெரும் பூசணிக்காய்க் கதையும் அரைமணி நேரத்துள் முடிந்துவிடும். வளர்ந்த மாணவர்கள் 1944இல் வெளிவந்த 'ஆர்செனிக்கும் பழைய சரிகையும்' என்னும் நகைச்சுவைப் படத்தைப் பார்க்கலாம். அதன் கதை ஹாலோவீன் நாளிலேயே நிகழ்கின்றது. 'சைக்கோ' போன்றவை பிள்ளைகள் உறங்கிய பின்னர்ப் பெரியவர்கள் பார்ப்பதற்குரியன.

படம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பிள்ளைகளைச் சமையலறைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். கீழே நாம் தரும் ஆறு வகைகளுள் நான்கிற்கு அடுப்பே வேண்டியதில்லை.

வாழைப்பழப் பேய்: வாழைப்பழத்தின் தோலை உரித்து, குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கத் தட்டில் நிறுத்துங்கள். சொக்கிலேற் துணுக்குகள் இரண்டைக் கண்களாகவும் ஒன்றை அலறும் வாயாகவும் பதித்துவிட்டால் வெண்பேய் ஆயத்தம். பழம் கறுக்காமலிருக்க எலுமிச்சஞ்சாற்றை இலேசாகத் தடவுங்கள். சாற்றிலுள்ள புளிப்பு, வெட்டுவாய் கறுப்பதைத் தாமதிக்கச் செய்யும்.

குட்டிப் பூசணி: மண்டரின் என்னும் சிறு தோடம்பழத்தை உரித்து, சுளைகள் பிரியாமல் முழுதாக வைத்து, நடுவே செலறித் தண்டின் சிறு துண்டொன்றைச் செருகுங்கள். பார்த்தவர் பூசணிக்காய் என்றே கூறுவர். நான்கு வயதுப் பிள்ளையும் செய்யத்தக்கது இது.

அரக்கன் வாய்: சிவந்த அப்பிளை நான்காகப் பிளந்து விதையை நீக்குங்கள். ஒவ்வொரு துண்டின் தோற்புறத்திலும் ஆப்பு வடிவில் ஒரு பள்ளம் வெட்டுங்கள். தோல் உதடாகும், பள்ளம் வாயாகும். அதனுள்ளே நிலக்கடலைப் பசையைத் தடவி, நீளவாக்கிற் சீவிய பாதாம் பருப்பைக் கோணல்மாணலாகப் பற்களென நாட்டுங்கள். பற்கள் ஒழுங்கின்றி இருத்தலே இதற்கு அழகு!

கல்லறை மண்: குளிர்ந்த சொக்கிலேற் புடிங்கைச் சிறு கண்ணாடிக் குவளைகளில் முக்காற் பங்கு நிரப்புங்கள். கறுப்புச் சொக்கிலேற் பிஸ்கற்றுகளை ஒரு பையிலிட்டு உருளையால் நொருக்கி, மண்போல மேலே தூவுங்கள். நீள்சதுரப் பிஸ்கற்றொன்றை நடுகல்லாக நாட்டி, புழு வடிவான ஜெலி இனிப்பொன்று மண்ணிலிருந்து தலைநீட்டும்படி வையுங்கள்.

சூனியக்காரியின் விரல்: இதற்குப் போறணை வேண்டும். 115 கிராம் வெண்ணெயையும் 60 கிராம் ஐசிங் சீனியையும் நன்றாகக் குழைத்து, ஒரு முட்டையின் மஞ்சட்கருவையும் அரைத் தேக்கரண்டி வெனிலாவையும் சேருங்கள். 170 கிராம் கோதுமை மா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு என்பவற்றை அரித்துக் கலந்து பிசைந்து, அரைமணி நேரம் குளிரூட்டிப் பெட்டியில் வையுங்கள். பின்னர்ச் சிறிது சிறிதாக எடுத்து விரலளவில் உருட்டுங்கள். வெந்தபின் பருக்குமாதலால் மெல்லியதாகவே உருட்டுதல் வேண்டும். இரண்டு இடங்களில் அமுக்கி மூட்டுகளை உண்டாக்கி, அங்கே கத்தியாற் கீறி மடிப்புகளைக் காட்டுங்கள். நுனியில் தோல் நீக்கிய பாதாம் பருப்பொன்றை நகமாகப் பதியுங்கள். 160 பாகை செல்சியசில் 20 முதல் 25 நிமிடம் வரை வேகவிடுங்கள். ஆறியபின் நகத்தைப் பெயர்த்து, சிவப்பு ஜாம் ஒரு துளி இட்டு மீண்டும் அழுத்தினால் 'இரத்தம்' விளிம்பிற் கசியும். குளிரூட்டுவது எதற்கென மாணவர் வினவலாம். குளிர்ந்த வெண்ணெய் மெதுவாக உருகுமாதலின், விரல் பரந்து தட்டையாகுமுன் மா வெந்து இறுகிவிடும்.

பேய்க்கை: இது படம் பார்க்கும்போது கொறிப்பதற்கு உரியது. அடி தடித்த பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, அரைக் கோப்பை பொரிச்சோளத்தை இட்டு மூடி, இடையிடையே குலுக்குங்கள். ஏறக்குறையப் பதினாறு கோப்பை பொரி கிடைக்கும். சோளமணியின் கெட்டியான தோலுக்குள்ளே நூற்றுக்கு 14 பங்கு அளவில் நீர் உண்டு. வெப்பம் 180 பாகை செல்சியசை அணுகும்போது, நீராவியின் அழுத்தத்தைத் தாங்காது தோல் வெடிக்க, உள்ளிருந்த மாப்பொருள் நுரைத்து வெளிப்படுகின்றது. ஆறிய பொரியிலே சிறிது உப்பைத் தூவி, உணவுக்கெனச் செய்யப்பட்ட, கண்ணாடிபோல் தெளிந்த புதுக் கையுறையில் விரல் விரலாக நிரப்பி, மணிக்கட்டிலே நாடாவாற் கட்டுங்கள். நிரப்புமுன் ஒவ்வொரு விரல் நுனியிலும் ஓர் இனிப்பை இட்டால் நகம் தோன்றும்.

சோளப்பொரி திரையரங்கிற் புகுந்த வரலாறும் அறியத்தக்கது. ஆரம்பத்தில் அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர்கள் குப்பையும் ஓசையும் சேரும் என அதனை விலக்கினர். 1930களிலே பொருளாதார மந்தம் வந்தபோது, 5 சதத்திற்கும் 10 சதத்திற்கும் விற்கப்பட்ட பொரிப்பைகளை ஏழைகளும் வாங்கினர். உரிமையாளரும் மனம் மாறினர். 1942இல் உலகப் போர் காரணமாக அமெரிக்காவிற் சீனிக்குப் பங்கீடு ஏற்பட்டு இனிப்புகள் அருகிப்போகவே, சோளப்பொரி நிலைத்துவிட்டது.

கவனிக்க வேண்டியவை

விளையாட்டு விருந்தாயினும் சிலவற்றை மறத்தலாகாது. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சோளப்பொரியும் முழுப் பருப்புகளும் கொடாதீர்கள். அவை மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளக்கூடும். திராட்சைப் பழமாயின் நீளவாக்கிற் பிளந்தே கொடுங்கள்.

நிலக்கடலை, முட்டை, பால் முதலியன சில பிள்ளைகளின் உடம்புக்கு ஒவ்வா. அயல்வீட்டுப் பிள்ளைகளை அழைப்பதாயின் அவர்தம் பெற்றோரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று. அமெரிக்காவில் 2014 முதல், பூசணிக்காய்க்கு நீலப்பச்சை வர்ணம் தீட்டி வாசலில் வைக்கும் இயக்கமொன்று நாடெங்கும் பரவியது. 'உணவு ஒவ்வாத பிள்ளைக்கும் இங்கே உண்ணாப் பரிசு உண்டு' என்பதே அதன் பொருள். ஒரு சிறு விளையாட்டுப் பொருளோ வர்ணப் பென்சிலோ அப்பிள்ளையின் ஏக்கத்தைத் தீர்த்துவிடும். எல்லோரும் உண்ணும் மேசையில் ஒரு பிள்ளை மட்டும் கைகட்டியிருப்பதைக் காட்டிலும் வருந்தத்தக்கது வேறென்ன?

முகமூடியும் தொங்கும் உடையும் அணிந்த பிள்ளைகள் நடமாடும் அறையில் மெழுகுதிரி வேண்டாம். பூசணி விளக்கினுள்ளும் மின்கலத்தால் எரியும் சிறு விளக்கையே வையுங்கள். ஒரு மூலையில் மங்கலான வெளிச்சம் இருக்கட்டும். பிள்ளை கண்களைப் பொத்திக்கொண்டால், "இவ்வளவு பெரிய பிள்ளைக்குப் பயமா?" என்று எள்ளி நகையாடாதீர்கள். படத்தை நிறுத்தி, "அந்தப் பேயை எதனாற் செய்திருப்பார்கள் பார்ப்போம்" என்று கேளுங்கள். சற்றுமுன் தன் கையாற் சூனியக்காரியின் விரலுக்கு நகம் பதித்த பிள்ளை, மாவென்றும் வர்ணமென்றும் துணியென்றும் தானே விடை கூறும்.

மற்றுமொரு நல்ல வழக்கத்தையும் நினைவூட்ட விரும்புகின்றோம். 1950இல் பிலடெல்பியா நகரிலே சில பிள்ளைகள் ஹாலோவீன் இரவில் வெறும் பாற்பெட்டிகளை ஏந்திச் சென்று, இனிப்புக்குப் பதிலாக நாணயங்களைச் சேர்த்தனர். திரண்டது 17 டொலர். அதனை உலகக் குழந்தைகளின் நலனுக்காக யுனிசெவ் நிறுவனத்துக்கு அனுப்பினர். அச்சிறு தொடக்கம் பின்னர் வட அமெரிக்கா எங்கும் பரவிற்று. விருந்து மேசையின் ஓரத்தில் அத்தகைய பெட்டியொன்றை வைத்து, ஒரு வாழைப்பழப் பேய்க்கு ஒரு நாணயம் எனப் பிள்ளைகளே விலை குறிக்கலாம்.

படம் முடிந்ததும் விளக்குகளை ஏற்றி, தட்டுகளைக் கழுவவும் பிள்ளைகளையே அழையுங்கள். எஞ்சிய விரல்களைக் காற்றுப்புகாத டின்னில் அடைத்து வைத்தால் சில நாட்களுக்குக் கெடா. மறுநாட் காலை பள்ளிக்கூடத்துக்கு இரண்டு விரல்களைக் கட்டிக் கொடுத்தனுப்பினால், அவற்றைச் செய்த கதையைப் பிள்ளை தோழருக்குச் சொல்லட்டும்.