வாகனச் சக்கரக் குடம் மாற்றியபின் எழும் ஓசைகள்

சக்கரக் குடம் என்பது வாகனத்தின் சக்கரமும் பிரேக் தட்டும் பொருத்தப்படுகின்ற, சுழலும் நடுப்பகுதி ஆகும். பட்டறைகளில் இது ஹப் எனப்படுகிறது. மாட்டுவண்டியில் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுக்கட்டைக்குக் குடம் என்றே பெயர். வண்டியின் குடம் அச்சைவிட்டுக் கழன்றுவிடாமல் கடையாணி காத்தது. காரில் அந்த வேலையை ஆக்சில் நட்டு செய்கிறது. மரக்குடம் அச்சின்மேல் நேரடியாக உரசிச் சுழன்றது. மோட்டார் வாகனத்தில் சுழலும் பாகத்துக்கும் சுழலாத பாகத்துக்கும் இடையே பேரிங் உண்டு. குடத்தை மாற்றியபின் புதிதாகக் கேட்கும் ஓசைகள் பெரும்பாலும் இந்தப் பேரிங்கிலிருந்தோ, வேலையின்போது கழற்றி மாட்டிய அக்கம்பக்கப் பாகங்களிலிருந்தோ வருகின்றன.

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர்ப் பகுதியில் இது வெறும் எரிச்சலூட்டும் ஓசை மட்டுமன்று. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85, போடியை அடுத்த முந்தலைத் தாண்டியதும் மலையேறத் தொடங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர். அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. தோட்ட வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் காலையில் ஏறி மாலையில் இறங்கும் சாலை இது. இறக்கத்தில் ஒரு சக்கரம் இறுகிப்போனாலோ ஆடத் தொடங்கினாலோ ஒதுங்குவதற்கு அகலமான இடம் எங்கும் இல்லை.

பேரிங் ஏன் உறுமுகிறது

இக்காலச் சிறு கார்களின் முன்சக்கரத்தில் பெரும்பாலும் இரு வரிசைக் குண்டு பேரிங் இருக்கும். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. வெளிவளையத்தின் ஓடுபாதையில் ஊசிமுனை அளவு குழி விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதன்மேல் ஏறி இறங்கும்போது ஒரு தட்டு உண்டாகும். ஒரு வரிசையில் 12 குண்டுகள் எனக் கொண்டால், சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் ஏறத்தாழ 5 தட்டுகள் விழும். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 9 முறை அளவில் சுழலும். நொடிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட தட்டுகளைக் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. அவை சேர்ந்து ஒரே உறுமலாகக் கேட்கின்றன. பேரிங் கெட்டால் ‘டிக் டிக்’ என்ற ஒலி வரும் என்று எதிர்பார்ப்போர் ஏமாறுவது இதனால்தான். வேகம் கூடினால் உறுமல் உரக்கவும் சற்றுக் கூர்மையாகவும் ஆகும்.

மாறாக, சக்கரம் ஒருமுறை சுழல்வதற்கு ஒருமுறை மட்டும் வரும் ஒலி வேறு இனம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அது இரண்டு நொடிக்கு மூன்று முறை கேட்கும், எண்ணிவிடலாம். கோணிய பிரேக் தட்டு, டயரில் குத்தி நிற்கும் ஆணி, இறுகாத சக்கர நட்டு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

ஓசையின் இடத்தைக் கண்டறிதல்

முதலில் எஞ்சினையும் சக்கரத்தையும் பிரிக்க வேண்டும். சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டே மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றினால் எஞ்சினின் சுழற்சி குறையும். சக்கரத்தின் சுழற்சி மாறாது. ஓசையும் மாறவில்லை எனில் அது எஞ்சினுடையதன்று. நியூட்ரலில் உருளவிட்டுக் கேட்கும் பழக்கமும் உண்டு. போடி–தேனிச் சாலைபோன்ற சமதளத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது மட்டுமே அதைச் செய்யலாம். போடிமெட்டு இறக்கத்தில் நியூட்ரலில் இறக்கினால் எஞ்சின் தரும் தடுப்பு முழுவதும் போய்ச் சுமை எல்லாம் பிரேக்கின்மேல் விழும்.

அடுத்து டயர். தேய்மானம் சீரற்ற டயரும் பேரிங்கைப் போலவே உறுமும். தார் புதிதாகப் போட்ட வழவழப்பான பகுதியில் ஓசை குறைந்து, சொரசொரப்பான பகுதியில் கூடினால் டயர்மீதே ஐயம் கொள்ள வேண்டும். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. ஓசையும் இடம் மாறினால் குடத்தின்மேல் பழி இல்லை. குடத்தை மாற்றியும் ஓசை போகவில்லை என்று வருந்துவோர் பலருக்கு, தொடக்கத்திலிருந்தே குற்றவாளி டயராக இருந்திருக்கும்.

எந்தப் பக்கம் என்பதை அறிய, அகலமான வெற்றுச் சாலையில் மென்மையாக வலமும் இடமும் வளைத்து ஓட்டுவார்கள். வலப்புறம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களுக்குச் செல்லும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கை முதலில் பார்க்க வேண்டும். ஆனால் இரு வரிசைப் பேரிங்கில் எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இது சில நேரம் நேர்மாறாகவும் அமையும். ஆகவே இச்சோதனை ஒரு சான்றே அன்றித் தீர்ப்பு அன்று.

மலைச்சாலை தரும் தவறான நம்பிக்கை

கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பியபோது ஓசை வரவில்லை, ஆகவே பேரிங் நன்றாக உள்ளது என்று முடிவு செய்வது சரியன்று. வளைவில் எடை ஒரு பக்கம் சாய்வது உண்மையே. ஆனால் வேகம் மணிக்கு 15 கி.மீ. அளவில்தான் இருக்கும், அந்த வேகத்தில் தொடக்கநிலைக் கேடு உறுமாது. ஏற்றத்தில் முதல் கியரின் இரைச்சல் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அவ்வளவு குறைந்த வேகத்திலும் கரகரவெனக் கேட்கிறது என்றால், பேரிங் மிகவும் முற்றிய நிலையில் இருக்கிறது என்று பொருள்.

வெப்பமும் இவ்வாறே ஏமாற்றும். கெட்ட பேரிங் சூடாகும் என்பது சரிதான். ஆனால் போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு இறங்கி வந்த வண்டியில் பிரேக்கின் சூட்டால் எல்லாக் குடங்களும் கொதிக்கும். கையால் தொட்டால் தோல் வெந்துவிடும். சமதளத்தில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சிறிது தூரம் ஓட்டி, பிறகு இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் கூடுதல் சூடு என்றால், ஒன்று பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்துப் பிரேக் முழுவதும் விடுபடவில்லை.

மாற்றிய உடனே கேட்பவை

மிக அதிகமாகக் கேட்பதும், அதிக அச்சம் தருவதும், மிக எளிதாகத் தீர்வதும் ஒன்றே: தகரம் உரசும் ஓசை. பிரேக் தட்டுக்குப் பின்னால் மெல்லிய தகரக் காப்பு ஒன்று உண்டு. பழைய குடத்தைத் தட்டிக் கழற்றும்போது அது வளைந்து தட்டைத் தொட்டுக்கொள்ளும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி நிமிர்த்தினால் போதும். இடையில் சிறு கல் சிக்கினாலும் இதே ஓசைதான். மலைச்சாலையில் இது அடிக்கடி நேர்வது.

‘ஷ்... ஷ்...’ என்று சுற்றுக்கு ஒருமுறை உரசி, பிரேக் மிதிக்கும்போது காலில் துடிப்பும் தெரிந்தால், குடத்தின் முகத்துக்கும் பிரேக் தட்டுக்கும் இடையே துருவோ மண்ணோ சிக்கியிருக்கலாம். தட்டின் கோணல் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினாலே பல வண்டிகளில் அது காலுக்குத் தெரிந்துவிடும். கம்பித் தூரிகையால் இரு முகங்களையும் தேய்த்துப் பொருத்துவதே மருந்து. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ‘டொக்’ என்று ஒருமுறை கேட்டால் கேலிபர் போல்ட்டுகளையும், பட்டைகளைப் பிடிக்கும் கிளிப்புகளையும் பார்க்க வேண்டும். வண்டி புறப்படும்போதும் பின்னோக்கி எடுக்கும்போதும் ‘டிக்’ எனக் கேட்பது ஆக்சில் நட்டு போதிய இறுக்கத்தில் இல்லாததன் அறிகுறி. முழுவதும் திருப்பிக்கொண்டு முடுக்கும்போது ‘டக டக’ எனத் தொடர்ந்து கேட்டால், வேலையின்போது தொங்கவிடப்பட்ட ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட் காயப்பட்டிருக்கலாம்.

புதிய பேரிங் முதல் கிலோமீட்டரிலிருந்தே உறுமுவது தனிக் கவனத்துக்குரியது. கடைக்காரர் போலிப் பொருளைத் தந்துவிட்டார் என்பதே பலரின் முதல் எண்ணம். அதுவும் நடக்கக்கூடியதே, ஆனால் பொருத்தும் முறையில் நேரும் தவறு அதைவிடப் பொதுவான காரணம். பேரிங்கை நக்கிளுக்குள் அழுத்தும்போது வெளிவளையத்தின்மேல் மட்டுமே அழுத்த வேண்டும். குடத்தைப் பேரிங்குக்குள் செலுத்தும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். இது மாறினால் முழு விசையும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, ஓடுபாதையில் வரிசையாகப் பள்ளங்களைப் பதித்துவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் அதே கதி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளங்களைப் பின்னர் எதுவும் சரிசெய்யாது. இன்னொரு பேரிங் வாங்கத்தான் வேண்டும். வீட்டில் மற்ற வேலைகளைச் செய்துகொண்டு, அழுத்தும் வேலைக்கு மட்டும் நக்கிளை ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு எடுத்துச் செல்வது மலிவான முன்னெச்சரிக்கை. போல்ட்டால் முழுத் தொகுப்பாகப் பொருத்தும் குடங்களில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு மறைவான தவறு, ஆக்சில் நட்டை முழுவதும் இறுக்குமுன் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டிவிடுவது. உள்வளையத்தின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பது அந்த நட்டின் இறுக்கம்தான். அது இல்லாமல் வண்டியின் எடை ஏறினால் புதிய பேரிங் அப்போதே கெடத் தொடங்கும். எவ்வளவு இறுக்கம் என்பதை அந்த வண்டியின் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரைப் பார்த்து அமைய வேண்டும். திருப்பிப் போட்டால் ஓசை வராது, எச்சரிக்கை விளக்குதான் எரியும்.

தூக்கிப் பார்த்தல்

சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டின்மேல் வண்டியைத் தாங்க வைக்க வேண்டும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால், உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்கவில்லை எனில் பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ஸ்டீயரிங் இணைப்பில் தளர்வு இருக்கலாம். பிறகு சுருள்வில்லின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். காதுக்குக் கேட்காத கரகரப்பைக் கூட வில்லின் வழியாக விரல்கள் உணர்ந்துவிடும். ஆட்டமே இல்லாமல் உறுமும் பேரிங்கும் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஜீப்புகளின் நிலை

மலையேறும் பழைய ஜீப்புகளின் முன்குடத்தில் இருப்பது கூம்புருளைப் பேரிங் இணை. ஹென்றி டிம்கென் அமெரிக்காவில் 1898இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. பக்கவாட்டு அழுத்தத்தையும் எடையையும் ஒருசேரத் தாங்குவதால் சுமை ஏற்றி வளைவுகளில் ஓடும் வண்டிக்கு ஏற்றது. ஆனால் இதன் இறுக்கத்தைக் கையால்தான் அமைக்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை அது பிடிக்கும்வரை இறுக்கி, பின் சுமார் ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரும் இரண்டாம் நட்டும் போடுவது வழக்கமான முறை. தளர்வாக விட்டால் குழிகளில் ‘டொக் டொக்’ கேட்கும். மிகையாக இறுக்கினால் தொடக்கத்தில் ஓசையே இருக்காது. சூட்டில் கிரீஸ் உருகி வழிந்தபின் கீச்சொலி எழும். அந்த நேரத்தில் வண்டி எந்த வளைவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓசையில்லாத தவறே இங்கு ஓசையுள்ளதைவிட அஞ்சத்தக்கது.

உருளைக் கூம்பை மட்டும் புதிதாக வாங்கிப் பழைய கப்பிலேயே ஓட்டுவதும் சிக்கனம் அன்று. பழைய பாதையின் தேய்மானம் புதிய உருளைகளையும் சில மாதங்களில் அரித்துவிடும். இரண்டையும் இணையாக மாற்றி, பழைய கிரீஸை முழுவதும் கழுவி நீக்கி, ஆயில் சீலையும் புதிதாகப் போட வேண்டும். மழைக்காலத்தில் தோட்டப் பாதைகளின் சேற்று நீர் குடத்துக்குள் புகுவது பழைய சீல் வழியாகத்தான். வேலை முடிந்த வண்டியை முதலில் சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டி, குடத்தின் சூட்டையும் ஆட்டத்தையும் பார்த்து, சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிய பிறகே ஆட்களை ஏற்றி முந்தலைத் தாண்ட வேண்டும்.