சொல்லாமல் வரும் சத்தம்

தீபாவளி விடிகாலை நான்கு மணி. தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்து, சீயக்காய் போட்டு அரக்கி, வெந்நீரை மொண்டு ஊற்றி, கழுத்தில் லேபிள் உறுத்தும் புதுச் சட்டையை மாட்டி, காரமேறும் லேகிய உருண்டையை வாயில் திணித்து... ஒரு குழந்தையின் தோல், மூக்கு, நாக்கு மூன்றையும் ஒரே மணி நேரத்தில் இப்படி உலுக்கி எடுத்துவிடுகிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் பண்டிகை. ஆட்டிச நிலையில் இருக்கும் பல குழந்தைகளுக்கு இவற்றில் ஒவ்வொன்றும் தட்டுத்தடுமாறித் தாண்ட வேண்டிய வேலி. அத்தனையும் தாண்டி வாசலுக்கு வந்து நிற்கும்போது எதிர்வீட்டில் லட்சுமி வெடி வெடிக்கிறது.

குழந்தை காதைப் பொத்திக்கொள்கிறது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குள் போய் ஒடுங்குகிறது. கையைத் தானே கடித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு, சுவரில் தலையை மோதிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. சத்தம் நின்று வெகு நேரமாகியும் கை காதைவிட்டு இறங்குவதில்லை. அடுத்த வெடி எப்போது என்று யாருக்கும் தெரியாதே!

இப்படிப்பட்ட வீடுகளில் தீபாவளிக்கான ஏற்பாடு முறுக்குப் பிழிவதில் தொடங்குவதில்லை. வீட்டிலேயே சத்தம் குறைவாகக் கேட்கும் அறை எது என்று பார்ப்பதில் தொடங்குகிறது. ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணிப்பார்கள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, குழந்தைக்குப் பழக்கமான பாட்டையே திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்குள் வரும்போது ஊரைவிட்டு வெளியே போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போக வழியில்லாத தாய் எதிர்வீட்டுக்குப் போய், “அண்ணே, வெடி எப்போ வைக்கப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்கிறாள். “ஒரு நாள்தானேம்மா, அவனும் பழகிக்கட்டும்” என்று பதில் வருகிறது.

பழகிக்கொள்வது. இந்த விஷயம் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் சிக்கிக் கிடக்கிறது.

ஐந்து புலன், ஐம்பது சண்டை

2007-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், ஆட்டிச நிலையில் உள்ள குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குப் புலன் உணர்வில் ஏதாவது ஒரு வேறுபாடு இருந்தது. சிலருக்கு உணர்வு அளவுக்கு மீறித் தாக்கும். குழைந்த சாதம் நாக்கில் பட்டால் குமட்டும், சலூனில் கத்தரி கழுத்தைத் தொட்டால் அலறல் வரும், பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை பாடப் புத்தகத்தை மூட வைத்துவிடும். வேறு சிலருக்கு உணர்வே எட்டாது. சூடான தோசைக்கல்லில் கை பட்டும் இழுக்கத் தெரியாமல் நிற்கும் குழந்தையைப் பற்றிப் பெற்றோர் சொல்லும்போது அவர்கள் குரல் நடுங்கும். ஒரே குழந்தையிடம் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. மெல்லிய வருடலைத் தாங்காத பிள்ளை, கனமான போர்வையை மேலே போட்டு அழுத்தினால் அமைதியாகிவிடும்.

நோயறியும் கையேடுகள் இதைக் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் என்ற அமெரிக்கக் கையேடு, 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் இந்தப் புலன் வேறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1943-இல், ஆட்டிசத்தைப் பற்றிய முதல் விரிவான கட்டுரையில் லியோ கானர் இதை எழுதிவிட்டார். அவர் விவரித்த பதினொரு குழந்தைகளில் ஒரு சிறுமிக்கு வாக்குவம் கிளீனர் என்றால் உயிர் போகும் பயம். அது வைத்திருக்கும் அலமாரிப் பக்கமே போகமாட்டாள். அதை ஓடவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு கார் நிறுத்தும் கொட்டகைக்கு ஓடிவிடுவாள். லிஃப்ட், முட்டை அடிக்கும் கருவி, குழாயில் ஓடும் தண்ணீர், காற்று என்று அந்தக் குழந்தைகளை மிரளவைத்தவற்றின் பட்டியல் நீளும்.

கானர் இன்னொன்றையும் கவனித்தார். எந்தச் சத்தத்துக்கு அஞ்சுகிறதோ அதே அளவு சத்தத்தை அந்தக் குழந்தை தானே சந்தோஷமாகப் போடும்! நம் வீடுகளில் இன்றைக்கும் எழும் குற்றச்சாட்டு இதுதான். “தட்டைத் தரையில் அடிச்சுத் தெருவே அதிர்ற மாதிரி சத்தம் போடுறான், மிக்ஸி போட்டா மட்டும் ஆகலையா?” என்று கேட்காத பாட்டி குறைவு. தட்டின் சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது அவன் கையில் இருக்கிறது. மிக்ஸியின் சத்தம் சமையலறையிலிருந்து சொல்லாமல் வந்து விழுகிறது. இரண்டும் ஒரே சத்தமல்ல.

காது சரியாகத்தான் இருக்கிறது

பெற்றோர் முதலில் ஓடுவது காது மருத்துவரிடம். காது பரிசோதனை முடிவு பெரும்பாலும் இயல்பு என்றே வரும். கேட்கும் திறன் சரியாகத்தான் இருக்கிறது, கேட்டதை மூளை எடுத்துக்கொள்ளும் விதம்தான் வேறு. 2021-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரையின் கணக்குப்படி, ஆட்டிச நிலையில் இருப்பவர்களில் ஏறத்தாழ 41 சதவீதம் பேர் சத்தம் தாங்காத நிலையில் இருந்தார்கள். வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் அப்படி இருந்தவர்களைச் சேர்த்தால் அது 60 சதவீதத்தைத் தொட்டது.

தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடம் எரிச்சலாக இருக்கும். பத்தாவது நிமிடம் அது ஓடுவதே நமக்கு மறந்துபோகும். இது ஆபத்தில்லை, விட்டுவிடு என்று மூளை முடிவுகட்டி அந்தச் சத்தத்தைத் தள்ளிவைத்துவிடுகிறது. புலன் உணர்வு மிகுந்த ஆட்டிச நிலையாளர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி இப்படி எளிதில் அடங்காதது தெரியவந்தது. பத்தாவது முறை கேட்கும்போதும் அது முதல்முறை போலவே விழித்தெழுகிறது. நாம் ‘பழகிக்கட்டும்’ என்று சொல்வது, பழகிக்கொள்ளும் அந்த வேலையே சரியாக நடக்காத ஒரு மூளையிடம்!

கால்நடைத் துறையில் பெயர்பெற்ற அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் ஆட்டிச நிலையாளர். சிறுவயதில் பள்ளிக்கூட மணி அடித்தால் பல்லின் நரம்பைக் குடைவது போன்ற வலி காதுக்குள் எழுந்ததாக எழுதியிருக்கிறார். பிறந்தநாள் விழாக்களில் பலூன் உடைந்துவிடுமோ என்றே அஞ்சிக் கிடந்திருக்கிறார். யாராவது கட்டியணைத்தாலும் அவரால் தாங்க முடியாது. ஆனால் உடலை அழுத்தும் உணர்வு அவருக்கு வேண்டியிருந்தது. அரிசோனாவில் தன் அத்தையின் பண்ணையில், தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகையால் நெருக்கிப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். மிரண்டு நின்ற மாடுகளில் சில அதற்குள் அடங்கி நின்றன. பதினெட்டு வயதில் தனக்கென அப்படி ஒன்றை மரத்தில் செய்துகொண்டார். எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை உள்ளே இருந்தபடி அவரே இயக்கிக்கொள்ளலாம். கட்டியணைப்பில் கிடைக்காத நிம்மதி அந்தப் பலகைகளுக்கு நடுவில் கிடைத்தது. பிடி அவர் கையில் இருந்ததே காரணம்.

விதி இருக்கிறது, தெரு வேறாக இருக்கிறது

நம் ஊரில் அந்தப் பிடி யார் கையிலும் இல்லை. ஆடி பிறந்தால் அம்மன் பாட்டு, மார்கழி பிறந்தால் விடியுமுன் ஒலிபெருக்கி, தேர்தல் வந்தால் ஆட்டோவில் கட்டிய குழாய், கல்யாண ஊர்வலத்தில் டி.ஜே., சாவு ஊர்வலத்தில் வேட்டு, அன்றாடம் பேருந்தின் ஏர் ஹாரன். பக்தி, கொண்டாட்டம், துக்கம் எல்லாவற்றுக்கும் நமக்குச் சத்தம் வேண்டும். அதன் விலையை யார் தருகிறார்கள் என்று கேட்கும் வழக்கம்தான் இல்லை.

விதிகளுக்குக் குறைவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். எல்லையைவிட 10 டெசிபல் கூடினால் யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். காதில் திணிக்கப்படும் சத்தத்திலிருந்து விடுபடுவது வாழும் உரிமையின் பகுதி என்பதை 2005-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

அதே நாட்டில்தான், நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை வெடிக்கும் பட்டாசுக்கு அனுமதியும் இருக்கிறது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. அளக்கும் முறை இரண்டுக்கும் வேறு என்பதை ஒதுக்கிவிட்டு, வெறும் எண்ணாக 55-க்கும் 125-க்கும் இடையே கணக்குப் போட்டால் வருவது ஒரு கோடி மடங்கு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க ஒலி மாசு விதிகளில் இடமிருக்கிறது. நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆட்டிசக் குழந்தையின் வாசலுக்கு அப்படி ஓர் இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பேருந்து நிலையத்தில் சாய்தளம் கேட்கும் உரிமை நமக்குப் புரிந்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொல்வதும் அதே உரிமை என்பது இன்னும் புரியவில்லை.

2018-லிருந்து தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று தமிழகத்தில் நேரம் குறித்திருக்கிறார்கள். புகையை நினைத்துப் போட்ட கட்டுப்பாடு இது. ஆட்டிசக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. கடிகாரப் படத்தைக் காட்டி, “முள் இங்கே வந்தால் டமார், அங்கே போனால் முடிஞ்சுது” என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். குறித்த நேரத்துக்குக் காதுக் கவசம் மாட்டலாம். தெருவில் ஒருவர் நான்கு மணிக்கே திரியில் நெருப்பு வைத்தால் அந்தப் பயிற்சி முழுவதும் வீண்.

காதுக் கவசம் போட்டுவிட்டால் போயிற்று என்பார்கள். விலை கூடிய நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன், ஏ.சி.யும் விசிறியும் எழுப்பும் ஒரே சீரான இரைச்சலைத்தான் நன்றாக அடக்கும். திடீரென்று விழும் வெடிச் சத்தத்துக்கு முன்னால் அதன் வித்தை அவ்வளவாகப் பலிக்காது. காதை எப்போதும் மூடியே வைத்திருந்தால் தாங்கும் சக்தி மேலும் குறையும், ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) பயிற்சியில் குழந்தையைச் சிறிது சிறிதாகப் பழக்குவதே நல்லது என்று சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள். பயிற்சி தேவைதான். ஆனால் அங்கே சத்தத்தின் அளவைக் கூட்டுவதும் நிறுத்துவதும் குழந்தையின் முகத்தைப் பார்த்து நடக்கும். தெருவில் எந்த வெடியும் யார் முகத்தையும் பார்த்து வெடிப்பதில்லை.

வெளிநாடுகளில் சத்தத்தையே கொஞ்சம் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல அங்காடிகள் வாரத்தில் ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி, விளக்கை மங்கலாக்கி, பில் போடும் இயந்திரத்தின் ‘பீப்’ ஒலியைத் தணிக்கின்றன. லண்டனுக்கு அருகிலுள்ள கேட்விக் விமான நிலையத்தில் 2016-இல் சூரியகாந்திப் படம் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை அறிமுகமானது. அதை அணிந்திருப்பவருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிரமம் இருக்கிறது என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். அமெரிக்கத் திரையரங்குகளில் 2007-லிருந்தே ஒலியைக் குறைத்து, விளக்கை எரியவிட்டுப் படம் காட்டுகிறார்கள். எழுந்து ஓடினாலும் யாரும் முறைக்கமாட்டார்கள்.

அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நாரைகள் மிரண்டுவிடும் என்பதற்காக ஊரே எடுத்த முடிவு. கல்யாணம், திருவிழாவுக்கும் அங்கே வேட்டுச் சத்தம் கேட்பதில்லை. மத்தாப்போடு வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளுக்கும் மத்தாப்பையே வாங்கிக் கொடுக்கிறார்கள். பண்டிகை குறைந்துபோனதாக அந்த ஊரில் யாரும் வருந்துவதில்லை.

அந்த அளவுக்கு எல்லா ஊரும் மாற வேண்டும் என்று ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் கேட்கவில்லை. பட்டாசை நம்பிச் சிவகாசி இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்பது ஒரு தகவல். உங்கள் தெருவிலும் காதைப் பொத்திக்கொண்டு பள்ளி வேனில் ஏறும் ஒரு பிள்ளை இருக்கலாம். இந்தத் தீபாவளிக்குச் சரவெடியைப் பிரிப்பதற்கு முன் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, “ஏழு மணிக்கு வைக்கலாம்னு இருக்கோம், தம்பியை உள்ளே கூட்டிட்டுப் போயிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்துக்கு முன்னால் தீக்குச்சியை உரசாதீர்கள்.