மலைச்சாலை ஜீப்பின் உந்துதண்டு இணைப்புகள்

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கும், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கும் ஏறும் சாலைகளில், இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை நெடுங்காலமாகச் சுமந்து சென்றவற்றுள் முதன்மையானவை, அமெரிக்க வில்லிஸ் வடிவமைப்பைப் பின்பற்றி மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் உருவாக்கிய ஜீப்புகளாகும்.

எஞ்சினின் சுழற்சியை கியர்பெட்டியிலிருந்து அச்சுக்குக் கொண்டு செல்லும் இரும்புக் குழாய் உந்துதண்டு எனப்படும். அதன் இரு முனைகளிலும் உள்ள இணைப்பைப் பட்டறைகளில் கிராஸ் என்பர். நான்கு கைகள் கொண்ட எஃகுச் சிலுவையும், ஒவ்வொரு கையையும் மூடும் கிண்ணத்தினுள் அடுக்கப்பட்ட ஊசி போன்ற உருளைகளும் சேர்ந்த இது, பட்டை ஸ்பிரிங்கின் மீது அச்சு ஏறி இறங்கும்போதும் சுழற்சி தடைபடாமல் காக்கிறது.

கிரீஸ் வற்றினால் உருளைகள் சிலுவையின் கைகளில் பள்ளம் பதிக்கின்றன. கிண்ணத்தின் ஓரத்தில் செந்துருப் பொடி படிவதும், கிளட்சை விடும்போது 'டங்' என்ற ஓசை எழுவதும் தேய்மானத்தின் அடையாளங்கள். வண்டியை நியூட்ரலில் நிறுத்தித் தண்டையும், அதை ஒட்டிச் சிலுவையின் கைகளைப் பிடித்திருக்கும் கவையையும் எதிரெதிராகத் திருகும்போது, கிராஸில் ஆட்டம் தெரிந்தால் அதை மாற்றியாக வேண்டும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் அமையாவிட்டால் வண்டி அதிரும் என்பதால், கழற்றுமுன் குறியிடுவது வழக்கம்.

பழைய வில்லிஸ் வகைகளில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிக்காமல் உந்துதண்டையே பிடிப்பதால், தண்டைக் கழற்றிய வண்டி சரிவில் நிற்காது. ஆகவே சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே இவ்வேலையைத் தொடங்க வேண்டும்.