காற்று போனாலும் ஓடும் கார் டயர்! எண்ணூர் சாலைக்கு சரிப்படுமா?

திருவொற்றியூர்:

எண்ணூர் விரைவு சாலை. முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி. பின்னால் இன்னொன்று. நடுவில் போகும் காரின் டயரில் ஆணி ஏறிவிட்டது. இறங்கி 'ஜாக்கி' போட இடம் ஏது? ஓரத்தில் குனிந்து சக்கரம் மாற்றினால் உயிருக்கே உலை!

இதற்கு வழியாக வந்ததுதான் 'ரன் பிளாட்' டயர். பி.எம்.டபிள்யூ. போன்ற வேகக் கார்கள் பலவற்றில் கம்பெனியிலேயே இதை மாட்டி அனுப்புகிறார்கள்.

சுவரில் சூட்சுமம்

1946-ல் பலூன் கம்பெனியாகத் தொடங்கிய எம்.ஆர்.எப்., டயர் கம்பெனியாக வளர்ந்த ஊர் திருவொற்றியூர். சாதா டயரில் காற்றுதான் பாரம் தாங்குகிறது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்று இறங்கினால் டயர் நசுங்கி நாசமாகும்.

ரன் பிளாட்டில் பக்கச்சுவர் தடித்த ரப்பரால் ஆனது. காற்று போனாலும் அந்தச் சுவரே காரைத் தாங்கும்.

அதற்காக இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல், சுமார் 80 கி.மீ. தூரம். அவ்வளவுதான்! எண்ணூரில் காற்று போனால் ராயபுரம் வந்து சேர இது தாராளம்.

கையைக் கடிக்கும்

ஆனால் விலை அதிகம். சுவர் விறைப்பாக இருப்பதால் குண்டும் குழியுமான ரோட்டில் இடுப்பு ஒடியும். காற்றில்லாமல் ஓடிய டயரில் உள்சேதம் வெளியே தெரியாது. அதனால் ஒட்டுப் போடாமல் புதுசு வாங்கச் சொல்லும் கம்பெனிகளே அதிகம். பக்கச்சுவர் கிழிந்தால் இதுவும் கைவிரித்துவிடும்.

காற்று இறங்கியதே ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் போகலாம். எனவே, காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி இல்லாத காரில் இதை மாட்டவே கூடாது.

சாதா 'டியூப்லெஸ்' டயரோ விலை குறைவு. ஓட்டமும் மெத்தென்று இருக்கும். ஆணி குத்தினால் பஞ்சர் கடையில் சீக்கிரமே வேலை முடிந்துவிடும். ஆனால் ரன் பிளாட்டுடன் வரும் பல கார்களில் 'ஸ்டெப்னி'யே கிடையாது. சாதாவுக்கு மாறுகிறவர்கள் டிக்கியில் ஸ்டெப்னியோ, பஞ்சர் சாமானும் காற்று பம்பும் கொண்ட பெட்டியோ வைத்தே தீரவேண்டும்.

எதை வாங்குவது?

ராத்திரி நேரத்தில், லாரி நெரிசலில் தனியாகப் போய் வருகிறவர்களுக்கு ரன் பிளாட் கொடுக்கும் காசுக்குத் தகும். பகலில் ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு சாதா டயரே போதும். இரண்டையும் கலந்து மாட்டுவது மட்டும் ஆபத்து.

எந்த டயரானாலும், வண்டி சூடேறுமுன் மாதம் ஒரு முறையாவது காற்றைப் பாருங்கள். அதற்கு செலவு அதிகமில்லை!